நிற்குமிடம் அறிந்த கிரணம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கே, சார்லஸ் ஆற்றின் ஒரு கரையில் பாஸ்டன் மாநகரமும் மறுகரையில் கேம்பிரிட்ஜ் என்னும் கல்விப் பட்டணமும் எதிரெதிரே அமைந்திருக்கின்றன. கேம்பிரிட்ஜில், ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆக்ஸ்போர்டு வீதியில், கோபுரமோ தூண்வரிசையோ சிற்ப வேலையோ எதுவுமின்றி, கனத்த கான்கிரீட் சுவர்களுக்குள் ஒரு பெரிய காந்தத்தைப் பொதிந்து வைத்துக்கொண்டு ஒரு கட்டடம் அரை நூற்றாண்டு காலம் நின்றது. அணுவின் உட்கருவைத் துருவிப் பார்க்கும் பொருட்டுப் பௌதிக சாஸ்திரிகள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட அவ்விடத்துக்கு, 1961ஆம் ஆண்டு முதல், ஆற்றுக்கு அக்கரையிலிருந்த மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். 2002ஆம் ஆண்டில் யந்திரம் நிறுத்தப்படும்வரை அங்கே சிகிச்சை பெற்றுத் திரும்பியவர்களின் தொகை 9,116. புரோட்டான் கிரண சிகிச்சை என்று இன்று உலகமெங்கும் வழங்கும் வைத்திய முறையின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர், அதன் முதல் நோயாளி படுத்த ஊராகிய பெர்க்லியிலிருந்து தொடங்குவதே வழக்கம். நான் இந்த அலங்காரமற்ற கட்டடத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அம்முறையைக் குழந்தைப் பருவத்திலிருந்து கைபிடித்து நடத்தி வளர்த்த வீடு இதுவே என்பது என் துணிபு.

அவ்வீட்டின் பூர்வ கதை யுத்தத்தோடு பின்னிக் கிடக்கிறது. 1930களின் பிற்பகுதியில் ஹார்வர்டில், துகள்களைக் காந்தத்தால் வட்டமாகச் சுழற்றி வேகமேற்றும் சைக்ளோட்ரான் என்னும் யந்திரம் வேறொன்று இருந்தது. கென்னத் பெயின்பிரிட்ஜ் முதலியோர் அதை அமைத்தனர். 1943ஆம் ஆண்டில், நியூ மெக்சிகோ மாநிலத்து மலைமேட்டில் லாஸ் அலமாஸ் என்னுமிடத்தில் அணுகுண்டு ஆராய்ச்சிசாலை இரகசியமாக உருவாகிக்கொண்டிருந்தபோது, அங்கே உடனடியாக ஒரு சைக்ளோட்ரான் தேவைப்பட்டது; புதிதாகக் கட்ட அவகாசமில்லை; ஆதலால் ஹார்வர்டின் யந்திரத்தைக் கழற்றிக் கொண்டுபோவதென்று முடிவாயிற்று. உண்மையை வெளியில் சொல்லலாகாது என்பதால், ராணுவத்தின் வைத்திய உபயோகத்துக்காக அது வேண்டியிருக்கிறது என்று ஒரு காரணம் கற்பித்துச் சொல்லப்பட்டது. அந்த யந்திரத்தைக் கேட்டு வாங்கச் சென்ற குழுவில் இருந்த இளம் விஞ்ஞானி ஒருவரின் பெயர் ராபர்ட் ராத்பன் வில்சன். லாஸ் அலமாஸில் சைக்ளோட்ரான் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் அவரே. வைத்தியத்தின் பெயரைச் சொல்லி யந்திரத்தைக் கொண்டுசென்ற அந்த மனிதர்தாம், மூன்றே ஆண்டுகளுக்குப் பின் அத்தகைய யந்திரங்களை மெய்யாகவே வைத்தியத்துக்கு உரியனவாக ஆக்கும் வழியைச் சொன்னவர் என்பதைச் சரித்திரத்தில் படிக்கும்போது, அந்தக் கற்பனைக் காரணம் ஒரு கடனாக அவர் தலைமீது நின்று பின்னர் தீர்க்கப்பட்டது போலவே எனக்குத் தோன்றுகிறது.

வில்சன் வையோமிங் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 1914இல் பிறந்தவர். ஜெர்மனி தோற்றபின் குண்டு வேலை எதற்கு என்ற கேள்வியை லாஸ் அலமாஸில் பலரறிய எழுப்பியவர்களில் அவர் முக்கியமானவர். 1945 ஆகஸ்டு மாதத்தில் ஹிரோஷிமா எரிந்த செய்தி வந்தபோது உடலும் உள்ளமும் ஒருங்கே நொந்துபோனவர். யுத்தம் முடிந்ததும், அணுசக்தியை ராணுவத்தின் கையில் விட்டுவிடலாகாது என்று வாதாடிய விஞ்ஞானிகளின் சங்கத்தில் முன்னின்று உழைத்தார்; குண்டு வேலைக்கு மறுபடி திரும்பவேயில்லை. ஹார்வர்டு அவரை அழைத்து, போன யந்திரத்துக்குப் பதிலாக அதனினும் பன்மடங்கு வலியதொரு புதிய சைக்ளோட்ரானை வடிவமைக்கும் பொறுப்பை ஒப்படைத்தது. அந்த வேலையின் நிமித்தம் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லியில் தங்கியிருந்த நாட்களில், பல கோடி எலெக்ட்ரான் வோல்ட் சக்தியுடன் பாயும் புரோட்டான் பருப்பொருளில் எப்படிச் செல்கிறது, எங்கே நிற்கிறது என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தவருக்கு, அந்தப் பருப்பொருள் மனித சரீரமாக இருந்தால் என்ன என்ற எண்ணம் உதித்தது. 1946ஆம் ஆண்டில், பௌதிகப் பத்திரிகையில் அன்றி, வைத்தியர்கள் படிக்கும் கிரணவியல் பத்திரிகையில், ஐந்தே பக்கங்களில் அதை அவர் எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

அந்த ஐந்து பக்கங்களின் சாரத்தை உணரவேண்டுமாயின், அதற்கும் நாற்பதாண்டுகளுக்கு முற்பட்ட ஓர் ஆராய்ச்சியை நினைவுகூர்தல் வேண்டும். ஆஸ்திரேலியாவின் தென்கரையிலுள்ள அடிலெய்டு நகரத்தில் வில்லியம் ஹென்றி பிராக் என்னும் ஆங்கிலேயர், 1886 முதல் கணிதமும் பௌதிகமும் போதிக்கும் பேராசிரியராக இருந்துவந்தார். நல்ல ஆசிரியர் என்ற பெயரைத் தவிர, நாற்பது வயது கடக்கும்வரை எடுத்துச் சொல்லத்தக்க ஆராய்ச்சி எதையும் செய்யாத அவர், 1904ஆம் ஆண்டில் சிறிதளவு ரேடியத்தை வருவித்து, ரிச்சர்டு கிளீமன் என்னும் துணைவருடன் அதிலிருந்து புறப்படும் ஆல்பா துகள்கள் காற்றில் எவ்வளவு தூரம் செல்கின்றன என்று அளக்கத் தொடங்கினார். போகப் போக வலி குன்றி மெல்ல மறைந்துபோகும் என்று எவரும் நினைக்கக்கூடிய அத்துகள்கள் அவ்வாறு மறையவில்லை. தம் பாதையின் கடைசிப் பகுதியில்தான் அவை வழியிலுள்ள அணுக்களை மிகுதியாகத் தாக்கின. தாக்கிய மாத்திரத்தில், ஒரு குறிப்பிட்ட தூரத்தில், கோடு கிழித்தாற்போல் நின்றுவிட்டன. வரைபடத்தில் இது, நெடுந்தூரம் சமவெளியாய்ச் சென்று முடிவில் ஒரு சிகரமாய் எழுந்து மறுகணமே பாதாளத்தில் விழும் கோடாகத் தெரியும். அச்சிகரத்துக்குப் பிராக் சிகரம் என்றே இன்றளவும் பெயர்.

இதன் காரணம் விளங்கக்கூடியதே. ஆல்பா, புரோட்டான் போன்ற மின்னேற்றமுள்ள துகள் வேகமாகச் செல்லும்போது எந்த அணுவின் அருகிலும் அதிக நேரம் தங்குவதில்லை. வேகம் குறையக் குறைய ஒவ்வோர் அணுவிடமும் அதிக நேரம் தங்கித் தன் சக்தியை அதிகமாக விட்டுச்செல்கிறது. வீதியில் விரைந்து ஓடுகிறவன் எந்த வீட்டு வாசலிலும் நிற்பதில்லை. களைத்து நடை தளர்ந்தபின்போ திண்ணைக்குத் திண்ணை உட்கார்ந்து, தன் மூட்டையிலுள்ளதையெல்லாம் கொட்டித் தீர்த்துவிடுகிறான். மூட்டை காலியானபின் அவனுக்கு அடுத்த தெருவில் வேலையில்லை.

ரான்ட்கன் 1895இல் கண்டுபிடித்த எக்ஸ் கிரணத்தின் சுபாவம் இதற்கு நேர்மாறானது. அது மின்னேற்றம் இல்லாதது; நிற்கத் தெரியாதது. உடலுக்குள் புகுந்ததும் தோலுக்குச் சற்று உள்ளாகவே அதன் தாக்கம் உச்சம் பெற்று, ஆழம் செல்லச் செல்லக் குறைந்து, கட்டியைக் கடந்து, மறுபுறத்திலுள்ள நல்ல தசையையும் சுட்டுவிட்டு வெளியேறுகிறது. புற்றுக்கட்டியை எக்ஸ் கிரணத்தால் சுட முயன்ற வைத்தியர்கள் எல்லோரும், கட்டிக்கு முன்னுள்ளதையும் பின்னுள்ளதையும் எப்படிக் காப்பது என்ற ஒரே கவலையோடுதான் அரை நூற்றாண்டைக் கழித்தார்கள். பல திசைகளிலிருந்து கிரணத்தைப் பாய்ச்சினார்கள். ஒரே நாளில் கொடாமல் பல வாரங்களாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அவற்றால் விளைந்த நன்மை மெத்தப் பெரிது, இன்றும் கிரண சிகிச்சையில் பெரும்பங்கு அவ்வழியிலேயே நடக்கிறது. ஆனாலும் கிரணத்தின் பிறவிக்குணத்தை மாற்ற எவராலும் இயலவில்லை. வில்சன் சொன்னது இதுதான்: கிரணத்தையே மாற்றிவிடுங்கள். புரோட்டானுக்குத் தக்க சக்தியைக் கொடுத்தால் அது கட்டிவரையில் சென்று, கட்டியில் தன் சக்தியைக் கொட்டி, அங்கேயே நின்றுவிடும், அப்பால் ஒன்றுமில்லை. சிகரம் மிகக் குறுகியதாயிற்றே, பெரிய கட்டிக்கு எப்படிப் போதும் என்ற ஆட்சேபத்துக்கும் அவர் அந்தக் கட்டுரையிலேயே விடை வைத்திருந்தார். கனம் மாறி மாறி அமைந்த ஒரு சக்கரத்தைக் கிரணத்தின் வழியில் சுழலவிட்டால், புரோட்டான்கள் சில முன்னும் சில பின்னுமாக நின்று, கட்டியின் கனம் முழுவதையும் நிரப்பிவிடும் என்றார். பல ஆண்டுகளுக்குப் பின் ஹார்வர்டில் பிளாஸ்டிக்கால் செய்து சுழலவிட்ட சக்கரங்கள், அந்த யோசனை உருப்பெற்று வந்தவையே.

இத்தனை சக்தியுள்ள புரோட்டானை உண்டாக்கும் கருவியோ வைத்தியர்களுக்காகப் பிறந்ததன்று. வில்சனின் குருவாகிய எர்னஸ்டு லாரன்ஸ், பெர்க்லியில் 1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உள்ளங்கையில் வைத்துப் பார்க்கக்கூடிய, நாலரை அங்குல விட்டமுள்ள ஒரு சிறு பெட்டிக்குள் காந்தத்தின் துணையால் துகள்களை வட்டமாகச் சுழற்றி, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக உந்திவிட்டு, 80,000 எலெக்ட்ரான் வோல்ட் சக்தி ஏற்றிக் காட்டினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அது 184 அங்குல யந்திரமாயிற்று. அதன் காந்தமும் யுத்த காலத்தில் யுரேனியத்தைப் பிரித்தெடுக்கும் பரிசோதனைக்கு உழைத்த பின்னரே துகள்களைச் சுழற்றும் தன் சொந்த வேலைக்கு வந்தது. லாரன்ஸின் வீட்டுக்குள்ளேயே புற்றுநோயின் நிழல் விழுந்திருந்தது. 1937இல் அவருடைய தாயாருக்கு அறுவைக்கு இடம் கொடாத புற்றுக்கட்டி என்று வைத்தியர்கள் கைவிரித்தபோது, வைத்தியராயிருந்த இளைய மகன் ஜான் லாரன்ஸ் அவரைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு அழைத்துவந்து, பத்து லட்சம் வோல்ட் எக்ஸ் கிரண யந்திரத்தால் சிகிச்சை செய்வித்தார். அந்த அம்மையார் அதன்பின் இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அண்ணன் யந்திரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போக, தம்பி அதன் வாயிலில் நோயாளிக்கு இடம் கேட்டுக்கொண்டே இருந்தார் என்று சொன்னால் அது மிகையன்று.

அவ்வாறு கேட்ட இடம் முதலில் நியூட்ரானுக்குக் கிடைத்தது. அந்த அநுபவம் கசப்பானது. 1938 முதல் சில ஆண்டுகள் ராபர்ட் ஸ்டோன் என்னும் வைத்தியர் பெர்க்லியில் நியூட்ரானால் சிகிச்சை செய்தார். பிழைத்திருந்த நோயாளிகளின் தசையும் தோலும் காலப்போக்கில் அழிந்து பட்ட பாட்டைக் கண்டு, இம்முறை தொடரத்தக்கதன்று என்று பின்னர் அவரே நேர்மையாக எழுதிவைத்தார். ஆதலால் வில்சனின் கட்டுரையைப் படித்தவர்கள் உடனே நோயாளியைக் கொண்டுவந்து கிரணத்தின் முன் நிறுத்திவிடவில்லை. கார்னீலியஸ் டோபயஸும் ஜான் லாரன்ஸும் பல ஆண்டுகள் பிராணிகளிடம் பரிசோதித்த பின்பே, 1954இல் முதன்முதலாக மனித சரீரத்தில் புரோட்டானைச் செலுத்தினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட இலக்கோ கட்டியன்று. மூளையின் அடியில் கடலையளவாய்த் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி. மார்பகப் புற்று உடலெங்கும் பரவிய பெண்களுக்கு அச்சுரப்பியை அடக்கிவிட்டால், நோயை வளர்க்கும் ஹார்மோன் குறையும் என்பது அக்காலத்துக் கருத்து. அவர்கள் பிராக் சிகரத்தையும் அப்போது நம்பவில்லை. 34 கோடி எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டானைத் தலையின் குறுக்கே ஊடுருவிப் போகவிட்டு, பல கோணங்களிலிருந்து அச்சுரப்பியில் மட்டும் ஒன்றுகூடும்படி செய்தார்கள்.

நிற்பதே இந்தக் கிரணத்தின் பெருமை என்றிருக்க, அதை நிற்கவிடாமல் உபயோகித்தது ஏன் என்று வாசகர் கேட்கலாம். நிற்குமிடம் அறிய அவர்களுக்குக் கண் இல்லை என்பதே காரணம். மண்டைக்குள் கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, வழியில் எத்தனை கனம் எலும்பு, எத்தனை கனம் காற்றறை, எத்தனை கனம் தசை என்று அறியாமல், ஒரு சென்டிமீட்டர் முன்னே நிற்பதா பின்னே நிற்பதா என்று எவரால் கட்டளையிட முடியும்? எக்ஸ் கிரணத்தில் ஒரு சென்டிமீட்டர் பிழை சிறு பிழை. புரோட்டானிலோ கட்டி முழுவதும் தப்பிவிடும், அல்லது பக்கத்து நரம்பு முழுவதும் எரிந்துபோகும். பிட்யூட்டரி சுரப்பியோ எலும்பாலான ஒரு சிறு கிண்ணத்துக்குள் அமர்ந்திருப்பதால், சாதாரண எக்ஸ் கிரணப் படத்திலேயே அதன் இருப்பிடம் தெளிவாய்த் தெரியும். கூர்மை மிகுந்த ஆயுதத்துக்குக் கூர்மை மிகுந்த பார்வையும் வேண்டும் என்னும் இந்த நிபந்தனைதான், வில்சனின் ஐந்து பக்கங்களை ஏறத்தாழ முப்பதாண்டுகள் காத்திருக்கவைத்தது.

ஸ்வீடன் தேசத்து உப்சாலாவிலும் 1957இல் இச்சிகிச்சை தொடங்கிற்று. அங்கே பெர்யே லார்சன் என்னும் விஞ்ஞானி பிராக் சிகரத்தை விரித்துப் பரப்பும் வழிகளைக் கையாண்டு பார்த்தார்; மூளை ரண சிகிச்சை நிபுணர் லார்ஸ் லெக்செல் அவருடன் சேர்ந்து உழைத்தார். ஆனால் லெக்செலுக்கு, தம் நோயாளியைப் பௌதிக ஆராய்ச்சிசாலைக்கு எடுத்துச்சென்று யந்திரத்துக்காகக் காத்திருப்பது ஒவ்வவில்லை. அவர் புரோட்டானை விட்டுவிட்டு, மருத்துவமனைக்குள்ளேயே வைக்கத்தக்க, கோபால்ட் கிரணத்தால் இயங்கும் காமா கத்தியை 1968இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவரைக் குறைசொல்வதற்கில்லை, வைத்தியனுக்குக் கைக்கெட்டும் கருவியே கருவி.

ஹார்வர்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். வில்சன் 1947இலேயே கார்னெல் சர்வகலாசாலைக்குப் போய்விட்டார். அவர் வரைந்து கொடுத்த யந்திரம், அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி நிதியைக் கொண்டு 1949இல் ஓடத் தொடங்கி, 1950களின் நடுவில் 16 கோடி எலெக்ட்ரான் வோல்ட் வலிமைக்கு உயர்த்தப்பட்டது. அந்த வலிமையுள்ள புரோட்டான் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழப் பாதி வேகத்தில் புறப்பட்டு, உடலுக்குள் சுமார் 16 சென்டிமீட்டர் சென்று நிற்கும். தலைக்குள் எந்த இடத்தையும் எட்ட அது போதும். ரேமண்ட் கெல்பெர்க் என்னும் மூளை ரண சிகிச்சை நிபுணர் 1961இல் அங்கே தம் முதல் நோயாளிக்குச் சிகிச்சை செய்தார். பிட்யூட்டரிக் கட்டிகளும், பின்னர் மூளையில் பிறவியிலேயே பின்னிக்கொண்ட இரத்தக்குழாய் முடிச்சுகளும் அவருடைய இலக்குகள். தலையை உலோகச் சட்டத்தில் அசையாதபடி நிறுத்தி, அளந்து, மறுபடி அளந்து, பெரும்பாலும் ஒரே அமர்வில் அவர் சிகிச்சையை முடித்துவிடுவார். 1960களின் முற்பகுதியில், விண்வெளி யாத்திரிகர்களின் உடலைப் புரோட்டான் எவ்வாறு பாதிக்கும் என்று அறிய விரும்பிய நாசா ஸ்தாபனத்தின் உதவியால், நோயாளிகளுக்கென்று ஒரு தனிப்பகுதியும் அக்கட்டடத்தோடு சேர்ந்தது.

ஆயினும் பௌதிக சாஸ்திரத்தின் போக்கு அதற்குள் மாறிவிட்டது. புதிய துகள்களைத் தேடுவோர்க்குப் 16 கோடி எலெக்ட்ரான் வோல்ட் என்பது பாலர் பாடமாயிற்று. கடற்படை 1960களின் பிற்பகுதியில் நிதியை நிறுத்தியது. யந்திரத்தை மூடிவிடுவதே நியாயம் என்று சொல்லக்கூடிய நிலை வந்தது. அக்காலத்தில் அந்த ஆராய்ச்சிசாலையைக் காத்தவர்களில் ஆண்ட்ரியாஸ் கேலர் என்னும் பௌதிக நிபுணரின் பெயரை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். கிரணத்தைச் சமமாகப் பரப்பும் தகடுகள், ஆழத்தை விரிக்கும் சக்கரங்கள், கட்டியின் உருவத்துக்கு ஏற்பக் குடைந்தெடுத்த பித்தளை வாயில்கள் முதலிய எத்தனையோ சாதனங்களை அவரும் அவருடைய சிறு குழுவினரும் அந்தக் கட்டடத்திலேயே யோசித்து, கடைந்து, பொருத்தி, வைத்தியர் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் அவரவர் கட்டியின் வடிவத்தில் ஒரு பித்தளை வாயில். ஒருவருக்குச் செய்தது மற்றவருக்கு ஆகாது. அந்தப் பட்டறையில் கடைசல் பிடித்தவர்களின் உழைப்பும் இந்தச் சரித்திரத்தின் பகுதியே.

நான் முன்பு சொன்ன கண், 1970களில் திறந்தது. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயப் பொறியியலார் உருவாக்கிய சி.டி. ஸ்கேன் யந்திரம் 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் மூளையைக் குறுக்கே வெட்டினாற்போல் படமெடுத்துக் காட்டியது. அவருடன் 1979ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆலன் கார்மாக், தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து வந்து, 1956-57இல் ஹார்வர்டின் இதே சைக்ளோட்ரான் கூடத்தில் ஓராண்டு பணியாற்றியவர். உடலை வெட்டாமல் உள்ளே காணும் கணித வழியை அவர் சிந்தித்துக்கொண்டிருந்ததும் அக்காலத்திலேயே. அதைப்பற்றி 1963இல் எழுதிய கட்டுரையில், புரோட்டானின் நிற்குமிடத்தைக் கணிக்கவும் அது பயன்படும் என்று குறித்துமிருந்தார். அன்று அதைக் கவனித்தவர் மிகச் சிலர். பார்வையும் ஆயுதமும் ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று கடந்துசென்று, மீண்டும் சந்திக்க இருபதாண்டுகள் ஆயின.

சந்தித்தபின் நடந்ததை விரிவாகச் சொல்லவேண்டும். 1974இல் ஹெர்மன் சூட் என்னும் கிரண சிகிச்சை நிபுணரும், மைக்கேல் கோய்ட்டைன் என்னும் பௌதிக நிபுணரும், புரோட்டானைத் தலைக்கு வெளியிலுள்ள கட்டிகளுக்கும், ஒரே அமர்வில் அன்றிப் பல வாரங்களுக்குப் பிரித்தும் கொடுக்கத் தொடங்கினார்கள். துகள் ஆராய்ச்சியை விட்டு வைத்தியத்துக்கு வந்த கோய்ட்டைன், சி.டி. படங்களை அடுக்கி உடலின் முப்பரிமாணத்தையும் கணினியில் எழுப்பி, கிரணத்தின் கண்ணிலிருந்து பார்த்தால் கட்டி எப்படித் தெரியும் என்று வைத்தியருக்குக் காட்டும் முறையை வகுத்தார். புரோட்டானுக்கென்று அவர் செய்த அந்தப் பணி, பின்னர் எக்ஸ் கிரண சிகிச்சை முழுவதற்கும் அடிப்படையாயிற்று. இன்று சாதாரண யந்திரத்தில் சிகிச்சை பெறுகிறவரும் அவருக்குக் கடன்பட்டவரே. மண்டையோட்டின் அடியில், மூளைத்தண்டையும் கண் நரம்பையும் ஒட்டி வளரும் கார்டோமா என்னும் அரிய கட்டியை அதுவரை கிரணத்தால் அடக்க முடிந்ததில்லை; போதிய அளவு கொடுத்தால் நரம்பு அழியும், நரம்பைக் காத்தால் கட்டி வளரும். அந்த இக்கட்டில் புரோட்டான் மில்லிமீட்டர் கணக்கில் நின்று காட்டியது.

எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது கண்ணில் செய்த வேலை. கண்ணின் நடுப்படலத்தில் தோன்றும் மெலனோமா என்னும் கருங்கட்டிக்கு, அக்காலத்தில் பெரும்பாலும் கண்ணையே தோண்டி எடுத்துவிடுவது சிகிச்சையாக இருந்தது. 1975இல் இவாஞ்செலோஸ் கிரகூடாஸ் முதலிய கண் வைத்தியர்கள் கேலரின் குழுவோடு சேர்ந்து வேறு வழி கண்டார்கள். முதலில் ரண சிகிச்சையால், கட்டியின் ஓரங்களை ஒட்டி விழிவெள்ளையின் மேல் டான்டலம் என்னும் உலோகத்தின் மிகச் சிறிய வளையங்களைத் தைத்துவிடுவார்கள். எக்ஸ் கிரணப் படத்தில் அவ்வளையங்கள் எல்லைக்கற்களைப்போல் கட்டியின் இருப்பைக் காட்டும். நோயாளி நாற்காலியில் அமர்ந்து, முகத்தை அச்சில் பதித்துக்கொண்டு, எதிரே மினுக்கும் ஒரு சிறு விளக்கை இமைக்காமல் நோக்கவேண்டும். அந்த நோக்கு நிலைத்திருக்கும் சிறிது பொழுதுக்குள் கிரணம் வந்து போய்விடும். ஐந்து அமர்வுகளில் சிகிச்சை முடியும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குமேல் கட்டி அடங்கியது; மிகப் பெரும்பாலோர்க்குக் கண் முகத்திலேயே தங்கியது; எல்லோருக்கும் பார்வை மிஞ்சவில்லையாயினும் அநேகருக்கு மிஞ்சியது. அந்தக் கட்டடத்தில் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் இவ்வகையினர். கண்ணைக் காக்க நோயாளியின் கண்ணே ஒத்துழைத்த சிகிச்சை அது.

இதற்குள் ருஷ்யாவில் துப்னா, மாஸ்கோ, கச்சினா ஆகிய இடங்களிலும், ஜப்பானில் சீபாவிலும் சுகுபாவிலும், சுவிட்சர்லாந்திலும் புரோட்டான் சிகிச்சை தொடங்கியிருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை பௌதிக ஆராய்ச்சிசாலைகளில் இரவல் வாங்கிய பொழுதில் நடந்தவை. நோயாளிக்கென்றே மருத்துவமனைக்குள் யந்திரம் வந்தது இங்கிலாந்திலுள்ள கிளாட்டர்பிரிட்ஜில், 1989ஆம் ஆண்டில். அதன் சக்தி கண்ணுக்கு மட்டுமே போதியது. உடலின் எந்த ஆழத்தையும் எட்டும் யந்திரத்தை மருத்துவமனையில் நாட்டிய பெருமை, கலிபோர்னியாவின் லோமா லிண்டாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்னும் வைத்தியருக்குரியது. இருபதாண்டுகள் அவர் இந்த ஒரே எண்ணத்தோடு அலைந்தார். 25 கோடி எலெக்ட்ரான் வோல்ட் வரையில் சக்தி ஏற்றும் அந்த யந்திரத்தை, சிகாகோ அருகிலுள்ள ஃபெர்மி ஆராய்ச்சிசாலை கட்டிக் கொடுத்தது. 1990இல் அங்கே சிகிச்சை தொடங்கிற்று. ஃபெர்மி ஆராய்ச்சிசாலையை 1967இல் முதல் இயக்குநராய் இருந்து எழுப்பியவர் வில்சன். தம் ஐந்து பக்கங்கள் கல்லும் இரும்புமாய் எழுந்ததை அவர் தம் முதுமையில் கண்டார். நோயாளியைச் சுற்றி எந்தக் கோணத்திலிருந்தும் கிரணத்தைப் பாய்ச்சுவதற்காக, மூன்று மாடி உயரமும் நூறு டன் அளவு எடையும் கொண்ட இரும்புச் சக்கரங்கள் அங்கே சுழன்றன. 1996இல் சுவிட்சர்லாந்தில் எரோஸ் பெட்ரோனி, பித்தளை வாயிலே இல்லாமல், எழுதுகோல் முனை போன்ற மெல்லிய கிரணத்தைக் காந்தத்தால் அசைத்து, கட்டியைப் புள்ளி புள்ளியாக நிரப்பும் முறையை நடைமுறைப்படுத்தினார். கோலமிடுகிறவள் புள்ளி வைப்பதுபோல, ஆழத்துக்கு ஆழம் அடுக்கடுக்காக. இன்றைய யந்திரங்கள் பெரும்பாலும் அந்த வழியிலேயே இயங்குகின்றன.

வில்சன் 2000ஆம் ஆண்டு ஜனவரியில் மறைந்தார். அடுத்த ஆண்டு பாஸ்டனில் மருத்துவமனை வளாகத்திலேயே புதிய புரோட்டான் நிலையம் திறந்தது. அதன்பின் ஆற்றைக் கடக்கவேண்டிய அவசியம் நோயாளிகளுக்கு இல்லாதுபோயிற்று. ஆக்ஸ்போர்டு வீதியின் பழைய சைக்ளோட்ரான், 53 ஆண்டுகள் உழைத்து 2002இல் ஓய்ந்தது.

இச்சரித்திரத்தை நெடுநாள் விரும்பிப் படித்தவன் என்ற முறையில், இன்று இதன் பெயரால் நடக்கும் வியாபாரத்தைக் கண்டு எனக்கு வருத்தமும் உண்டு. கிரணம் குறித்த இடத்தில் நிற்கிறது என்பது பௌதிக உண்மை. அதனால் எல்லாப் புற்றிலும் எக்ஸ் கிரணத்தைவிட நோயாளி நன்மை அடைகிறார் என்பது அதிலிருந்து தானாகத் தொடர்ந்துவரும் முடிவன்று. குழந்தைகளின் மூளை, முதுகுத்தண்டுக் கட்டிகளில் இதன் மதிப்பை மறுப்பவர் அரியர். வளரும் சரீரத்தில் இதயத்தையும் குடலையும் அறிவையும் காக்கவும், கிரணத்தாலேயே பின்னாளில் இன்னொரு புற்று தோன்றும் அபாயத்தைக் குறைக்கவும் இது துணைசெய்கிறது. மண்டையோட்டடிக் கட்டி, கண் மெலனோமா ஆகியவற்றிலும் அப்படியே. உணவுக்குழாய்ப் புற்றில் 2020இல் வெளியான ஒப்பீட்டுப் பரிசோதனை, பக்க விளைவுகள் குறைவதைக் காட்டியது. ஆனால் அமெரிக்காவில் புரோட்டானை நாடி மிகுதியாகச் செல்கிறவர்கள் புராஸ்டேட் புற்று நோயாளிகள். அவர்களை இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டு 2024இல் அறிவித்த பெரிய பரிசோதனையில், நவீன எக்ஸ் கிரண சிகிச்சைக்கும் புரோட்டானுக்கும் இடையே நோயாளியின் வாழ்க்கைச் சுகத்தில் வேறுபாடு காணப்படவில்லை. உடலில் மூச்சோடு அசையும் உறுப்புகளில், நிற்குமிடம் தவறுவது இன்னும் தீராத கவலையாகவே இருக்கிறது.

நம்மிடமும் இது வந்துவிட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் ஸ்தாபனத்துக்கு அதிக தூரமில்லாத தரமணியில், தெற்காசியாவின் முதல் புரோட்டான் நிலையம் 2019 ஜனவரியில் திறந்தது. 2023இல் மும்பைக்கு அருகே கார்கரில், மத்திய அரசின் அணுசக்தித் துறையைச் சேர்ந்த டாட்டா நினைவு நிலையமும் இதைத் தொடங்கியது. ஆதலால், வாசகரே, உங்கள் வீட்டில் ஒரு குழந்தைக்கு மூளையிலோ முதுகுத்தண்டிலோ கட்டி என்று வைத்தியர் சொல்வாராயின், புரோட்டான் இதற்கு உதவுமா என்று தயங்காமல் கேளுங்கள். உதவும் என்றால் அதற்கான அரசு உதவியையும் தருமநிதிகளையும் விடாமல் நாடுங்கள். மற்ற புற்றாயின், எக்ஸ் கிரணத்தைவிட இந்த நோயில் இது மேலானது என்று எந்தப் பரிசோதனை காட்டியிருக்கிறது என்று கேட்டு, விடை பெற்ற பின்பே சிகிச்சைச் செலவுக்காக நிலத்தை விற்பதைப்பற்றி யோசியுங்கள்.